உருளைமூக்கனும் நண்டுக்காலியும்

எனக்கு வாய் அதிகம். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். இந்த வாயால் என் தம்பியை ஒரு தடவை தொலைத்தேன். இதே வாயால்தான் மீட்டேன். அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம் இதைக் கட்டிப் போட்டுக்கொண்டு அவனோடு ஒரே கூரையின்கீழ் இருந்தேன். தொலைத்ததும் மீட்டதும் பழைய கதையாகிவிட்டது. அந்தப் பதின்மூன்று வருஷம்தான் இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

அப்போது எனக்குப் பதினொன்று, கோல்மனுக்கு ஆறு. அப்பா கடலோடு போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. தீவுப் பையன்கள் எல்லோரையும் போலக் கோல்மனும் சிவப்புக் கம்பளிப் பாவாடைதான் கட்டியிருந்தான். எங்கள் ஊரில் பையன்களுக்குப் பன்னிரண்டு வயதுவரை பாவாடைதான். எங்கள் தீவுக் குன்றுக்குள் இருக்கும் மாய மனிதர்களுக்குப் பையன்கள் மேல்தான் கண், ஒருவனைத் தூக்கிக்கொண்டு அவன் உருவில் தங்கள் ஆளை வைத்துவிட்டுப் போவார்கள். பாவாடையைப் பார்த்தால் பெண்பிள்ளை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அவர்களை நாங்கள் 'நல்லவங்க' என்றுதான் சொல்வோம். அவர்கள் நல்லவர்கள் என்பதால் இல்லை, நாம் பேசுவது அவர்கள் காதில் விழும் என்பதால்.

இன்னொன்றும் உண்டு. ஒரு குழந்தையைப் புகழ்ந்தால், ஒரு கன்றுக்குட்டியைப் புகழ்ந்தால்கூட, அதே மூச்சில் 'கடவுள் காக்க' என்று சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் அது வேலி போடாத நிலம் மாதிரி, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பேசக் கற்கும்போதே இதையும் கற்றுக்கொள்வோம். தும்மினால் கண் மூடுவதுபோல அது தானாக வரும்.

நானும் கோல்மனும் பேசிக்கொள்வது வேறு மாதிரி. அவன் மூக்கு அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும், என் கால் கொஞ்சம் வளைந்திருக்கும். காலையில் கண் விழித்ததும், "டேய் உருளைமூக்கா, எழுந்திரிடா!" என்பேன். அவன் கண்ணைத் திறக்காமலே, "போடி நண்டுக்காலி!" என்று இரண்டு கையையும் தூக்கி, நண்டுக் கொடுக்கு மாதிரி விரல்களைத் திறந்து மூடுவான். பிறகுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

அந்த ஜூன் மாதம் அக்கரையிலிருந்து வின்னி என்று ஒரு பெண் வந்திருந்தாள். அடுத்த வீட்டு சபைனாவின் உறவு. காலில் செருப்புப் போட்டிருந்தாள், அந்தத் திமிர் அவள் நடையிலேயே தெரிந்தது. குன்றின் அடிவாரத்தில், மணல்வெளியில் கோல்மன் மட்டையால் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். முள்செடி வேரில் அவனே செதுக்கிய மட்டை. வின்னி நின்று பார்த்தாள்.

"உன் தங்கச்சி ரொம்ப லட்சணமா இருக்காளே. எப்போ கல்யாணம்?" என்றாள். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அது தங்கச்சி இல்லடி, என் தம்பி! என் தம்பி மாதிரி பந்தடிக்க இந்தத் தீவுலயும் ஆள் இல்ல, உங்க கரையிலயும் ஆள் இல்ல, மண்ணுக்குள்ள இருக்கிறவங்கள்லயும் ஆள் இல்ல!"

'கடவுள் காக்க' என்பது நாக்கின் நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. அதைச் சேர்த்தால் சவடாலின் காரம் குறைந்துவிடுமே என்று நானேதான் விழுங்கினேன். பையன் என்பதையும் கத்திச் சொன்னேன், கெட்டிக்காரன் என்பதையும் கத்திச் சொன்னேன், காவலை மட்டும் சொல்லவில்லை. அதுவும் குன்றின் காலடியில் நின்றுகொண்டு. காற்று ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடி வீசியது.

அன்று சாயங்காலம் கோல்மன் தானாகவே வீட்டுக்கு வந்தான். அடுப்பு மூலையில் உட்கார்ந்து பதினாலு உருளைக்கிழங்கு தின்றான். ஒரு குடம் மோரைக் குடித்தான். நான், "டேய் உருளைமூக்கா, எங்களுக்கு மிச்சம் வைடா!" என்றேன்.

அவன் கையைத் தூக்கவில்லை. என்னை அண்ணாந்து பார்த்தான். ஆறு வயது முகத்தில் அறுநூறு வயதுக் கண்.

"இன்னொரு தடவை திட்டேன்" என்றான் ஆசையாக.

இது கோல்மன் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரிய மூன்று நாள் ஆயிற்று. அவளுக்கும் முதல் நாளே தெரிந்திருக்கும், ஒத்துக்கொள்ளத்தான் மூன்று நாள் ஆயிற்று. வீட்டில் கிழங்கு மூட்டை காலியாகிக்கொண்டிருந்தது. அது மூலையில் உட்கார்ந்து, தின்று, கிழவன் மாதிரி இருமியது. அம்மா அதைத் தொடவும் மாட்டாள், அதைவிட்டு நகரவும் மாட்டாள்.

புதன்கிழமை சபைனா வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் பிறர் வீட்டுத் துன்பம் என்றால் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குகிற ரகம்.

"இது உன் பிள்ளை இல்ல. வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா உன் பிள்ளை வராது" என்றாள் அம்மாவிடம். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பேரோட வர்றேன். மண்வெட்டியை அடுப்புல செவக்கச் செவக்கக் காய்ச்சி இதை அது மேல உக்கார வெச்சா, கத்திக்கிட்டுக் கூரை வழியா ஓடிடும். உன் பிள்ளை வாசல்ல வந்து நிக்கும்."

"ஒருவேளை இது என் பிள்ளையாவே இருந்துட்டா?" என்றாள் அம்மா.

"இருக்காது."

"இருந்துட்டா சபைனா?"

சபைனா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வேண்டாம் என்று அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அவளைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இந்தக் கண்ணிக்குள் அவளைத் தள்ளியதே நான்தான்.

வியாழக்கிழமை காலை அம்மா பால் கறக்கப் போனதும் மூலையிலிருந்து குரல் வந்தது.

"ஏ பிள்ளை, நெசமாவே சூடு வெப்பாங்களா?"

"வெப்பாங்க."

அது காலைச் சுருக்கிக்கொண்டது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கோல்மனின் கன்னம் அது. "நான் என்ன தப்புப் பண்ணினேன்? அங்கே முந்நூறு வருஷமா நல்ல வார்த்தையாவே கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. ராசா, கண்ணு, முத்து, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். ஒருத்தன் ஒருத்தனைத் திட்ட மாட்டான். உங்க சத்தம் தெனமும் குன்றுக்குள்ள கேக்கும். உருளைமூக்கா, நண்டுக்காலி... அதைக் கேக்குறப்போ எனக்கு ஏக்கமா இருக்கும். ஆள் மாத்தணும்னு அவங்க சொன்னப்ப நான் போறேன்னு முதல் ஆளாக் கை தூக்கினேன்."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. "அவனை எதுக்குத் தூக்கினாங்க?"

"பந்தாட்டத்துக்கு. ஒரு பக்கத்துலயாவது உசுருள்ள பிள்ளை நின்னாத்தான் அவங்க ஆட்டம் நடக்கும். நீதான் சான்றிதழே குடுத்தியே. மண்ணுக்குள்ள இருக்கிறவங்கள்லயும் ஆள் இல்லன்னு."

நான் அடுப்பங்கரையிலிருந்து இரும்பு இடுக்கியை எடுத்தேன். அது பயந்து சுவரோடு ஒட்டியது.

"உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன். உள்ளே போற வழியைச் சொல்லு. நாளைக்கு அந்த மண்வெட்டி உன் மேல படாம நான் பாத்துக்கிறேன்."

அது மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது. நிழல் ரொம்பக் குட்டையாகிற நேரத்தில் குன்றை மூன்று தடவை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். கதவு திறந்ததும் வாசலில் இரும்பைச் செருகிவிட வேண்டும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு பருக்கையும் தின்னக் கூடாது.

"அவனுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?"

"ஒரு நாளைக்கு ஆயிரம் நல்ல வார்த்தை. இன்னிக்கோட அஞ்சு நாள். உன்னை என்ன, தன்னையே மறந்திருப்பான்."

"அப்போ எப்படிக் கூப்பிட்டா வருவான்?"

"அது தெரிஞ்சா நான் முந்நூறு வருஷம் அங்கே இருந்திருப்பேனா பிள்ளை?" என்றது அது.

இடுக்கியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினேன். மத்தியானம், ஆனாலும் கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. குன்றை இடப்பக்கமாகச் சுற்றுவதே எங்களுக்குப் பாவம், சவ ஊர்வலம்கூட வலமாகத்தான் போகும். முதல் சுற்றில் கால் கூசியது. இரண்டாம் சுற்றில் புல்லுக்கு அடியிலிருந்து பையன்கள் கூச்சல் போடுவது கேட்டது. மூன்றாம் சுற்று முடிந்த இடத்தில் புல்தரை இரண்டு பக்கமும் விலகி நின்றது. உள்ளே வெளிச்சம். நான் இடுக்கியை விரித்து வாசலின் குறுக்கே செருகினேன். கதவு அதை மெல்லக் கடித்தது. இரும்பு முனகியது.

உள்ளே ஒரு மைதானம், எங்கள் தீவைவிடப் பெரிது. வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை. நூறு பையன்கள் பட்டுக் கால்சட்டையோடு பந்தாடிக்கொண்டிருந்தார்கள். பந்து மட்டையில் படும் சத்தம்கூட இனிமையாக இருந்தது. நடுவில் என் தம்பி. பாவாடை இல்லை, அழுக்கு இல்லை. மூக்கு ஒழுகாமல் அவனை நான் பார்த்ததே அன்றுதான்.

"வா கண்ணு" என்றது ஒரு குரல். பச்சை மேலங்கி போட்ட ஒரு பெண்மணி. ரொம்ப உயரம், ரொம்ப அழகு, காலடியில் நிழல் இல்லை. "ஓடி வந்த களைப்பு. கொஞ்சம் சாப்பிடேன்."

தட்டில் சூடான ரொட்டி, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. நாலு நாளாக என் பங்குக் கிழங்கையும் அந்த மூலைக் கிழவன்தான் தின்றுகொண்டிருந்தான். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"பசிக்கல" என்றேன். "என் தம்பியைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"தாராளமா. மூணு தடவை கூப்பிட்டுக்கோ. உன்னைத் தெரிஞ்சு அவன் பதில் சொன்னா அவன் உனக்கு. சொல்லலன்னா, பாவம், உன்னை மட்டும் தனியா எதுக்கு அனுப்பணும்? நீயும் இங்கேயே இரு. உன்னை நாங்க நல்லாப் பாத்துக்குவோம் செல்லம்."

வாசலில் இரும்பு இன்னொரு தடவை முனகியது.

"கோல்மன்!" என்று கூப்பிட்டேன். அவன் திரும்பினான். பணிவாகச் சிரித்து, "வணக்கம்மா" என்றான். என் தம்பி வாயில் 'வணக்கம்மா'! மறுபடி பந்துக்குப் போய்விட்டான்.

அந்தப் பெண்மணி, "எவ்வளவு மரியாதையான பிள்ளை" என்றாள். மைதானம் முழுக்க, "ஆமா ஆமா, தங்கமான பிள்ளை" என்று எதிரொலித்தது.

இரண்டாவது தடவை நான் மண்டியிட்டேன். "என் கண்ணே, என் ராசா, அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்கடா. வாடா செல்லம்." எனக்குத் தெரிந்த இனிப்பையெல்லாம் கொட்டினேன். அவன் அருகில் வந்து என் கண்ணைத் துடைத்தான். "அழாதீங்கம்மா. நீங்க ரொம்ப நல்லவங்க" என்றான். யாரோ வழியில் போகிறவளிடம் பேசுவதுபோலப் பேசினான். அந்த மைதானத்தில் எல்லோரும் எல்லோரையும் ராசா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் குரல் அதில் இன்னொரு குரல், அவ்வளவுதான். மழையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றியதுபோல ஆகிவிட்டது.

இன்னும் ஒரு தடவைதான். வாசலில் இரும்பு வளைகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்மணி புன்னகையோடு எனக்கென்று இன்னொரு பட்டு உடையைக் கையில் எடுத்தாள். எனக்கு யோசிக்க நேரமில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் யோசிக்கவும் இல்லை. பயமும் பசியும் ஒன்றாகச் சேர்ந்து கோபமாக ஏறியது. இவளுக்குப் பந்து பொறுக்கிப் போட என் தம்பிதான் கிடைத்தானா? இவனும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறானே!

"டேய் உருளைமூக்கா!" என்று கத்தினேன். "வீட்டுல அம்மா சோறு தண்ணி இல்லாமக் கெடக்கிறா, இங்கே பட்டு டவுசர் கேக்குதாடா உனக்கு? மூஞ்சியைப் பாரு, மோர்ல விழுந்த எலி மாதிரி! வாடா வீட்டுக்கு!"

பந்துகள் எல்லாம் நின்றன. அந்த மைதானம் அப்படி ஒரு பேச்சை அது உண்டான நாளிலிருந்து கேட்டிருக்காது. அந்தப் பெண்மணியின் கையிலிருந்து பட்டு நழுவியது. என் தம்பியின் இரண்டு கையும் தானாக மேலே போயின. விரல்கள் திறந்து மூடின.

"போடி நண்டுக்காலி!" என்றான்.

சொன்ன பிறகுதான் கண்ணில் வெளிச்சம் வந்தது. சுற்றிலும் பார்த்து, மூக்கு ஒழுக ஆரம்பித்து, "நுவாலா, இது எந்த இடம்?" என்று அழுதான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் பறந்தேன். இடுக்கி கொக்கிபோல வளைந்திருந்தது. அவனை முதலில் வெளியே தள்ளினேன். நான் காலை வெளியே வைக்கும்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. அது குளிர்ந்திருந்தது.

"கெட்டிக்காரி" என்றாள் அந்தப் பெண்மணி. குரலில் இப்போது தேன் இல்லை. "உன் வாய் புகழ்ந்துச்சு, அவன் எங்களுக்கு வந்தான். உன் வாய் திட்டிச்சு, அவன் உனக்கு வந்தான். அப்படியே இருக்கட்டும். இனிமே உன் வாயிலேர்ந்து அவனைப் பத்தி ஒரே ஒரு நல்ல சொல் வந்தா, அவன் எங்களுக்கு. கடவுள் பேரைச் சேர்த்தாலும் சரி."

"எது வரைக்கும்?"

"அவன் இந்த மண்ணோட மனுஷனா இருக்கிற வரைக்கும். திரும்பி வராத பயணம் கெளம்பி ஒன்பதாவது அலையைத் தாண்டினா, அப்புறம் அவன் எங்களுக்கு வேண்டாம்."

புல்தரை மூடிக்கொண்டது. வெளியே மத்தியானம்தான். ஆனால் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது, முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். உள்ளே எனக்கு ஒரு நாழிகை, இங்கே ஒரு நாள். அது வெள்ளிக்கிழமை.

கோல்மனை இழுத்துக்கொண்டு ஓடிய அந்த ஓட்டம் இன்றைக்கும் கனவில் வரும். கதவைத் தள்ளினேன். அடுப்பில் மண்வெட்டி சிவந்து கிடந்தது. சபைனா பிடியில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா அந்த மூலையில், அதை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எதுவா வேணா இருக்கட்டும்" என்று கத்திக்கொண்டிருந்தாள் அம்மா. "பிள்ளை மாதிரி அழுவுது. என் மடியில இருந்து ஒருத்தியும் எடுக்க முடியாது!"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலில் ஒரு கோல்மன், மடியில் ஒரு கோல்மன். மடியிலிருந்தது மெல்ல இறங்கியது. அதன் முகம் உருகிச் சுருங்கிக் கிழமானது. என்னைக் கடந்து போகும்போது தயங்கி நின்றது. அது எதற்காக நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

"கெளம்புடா கிழட்டுப் பன்னி!" என்றேன். "ஒரு மூட்டைக் கிழங்கைத் தின்னு தீர்த்துட்ட. இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்த, காலை ஒடிச்சுடுவேன்!"

அது முகமெல்லாம் சிரிப்பாக, பல்லில்லாத வாயைத் திறந்து தலையாட்டியது. புகையோடு புகையாகப் போய்விட்டது. போகும் இடத்தில் அதைத் திட்ட யாரும் இல்லை.

"பாத்தியா?" என்றாள் சபைனா. "மண்வெட்டியைக் காட்டினதுக்கே ஓடிடுச்சு." சாகும்வரை அந்தப் பெருமை அவளுடையதாகத்தான் இருந்தது. நான் மறுக்கவில்லை.

கோல்மனுக்கு உள்ளே நடந்தது எதுவும் நினைவில்லை. நான் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். 'உன்னைப் புகழ எனக்கு ஆசை, ஆனால் முடியாது' என்று சொன்னால் அதுவே ஒரு புகழ்ச்சி இல்லையா? அந்தப் பெண்மணி அப்படி எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று என்ன நிச்சயம்? அம்மாவிடமும் சொல்லவில்லை. பயம், அப்பட்டமான பயம்.

அவன் வளர்ந்தான். பன்னிரண்டு வயதில் முதல் கால்சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். "கோழிக்கு டவுசர் மாட்டின மாதிரி இருக்கு" என்றேன். "போடி நண்டுக்காலி" என்று சிரித்தான். பதினாறு வயதில், புயலில் கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு பேரை முடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தான். தீவே அவனைத் தோளில் தூக்கியது. பாதிரியார் பிரசங்கத்தில் அவன் பெயரைச் சொன்னார். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தான். நான், "தொப்பியைத் தொலைச்சிட்டு வந்திருக்கியே, அது யாரு வாங்கித் தருவா?" என்றேன். அன்றைக்கும் கை தூக்கினான், ஆனால் விரல்கள் ஒரே ஒரு தடவைதான் திறந்து மூடின. நான் பசுவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தொழுவத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். பசுவிடம்கூட அவன் பெயரைச் சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில் பாஸ்டனுக்குச் சீட்டு வந்தது. எங்கள் ஊரில் அமெரிக்கா போகிறவனுக்கு, செத்தவனுக்கு வைப்பதுபோலவே ஒப்பாரி வைப்போம். போனவர் திரும்பினதில்லை. அன்று சாயங்காலம் வீடு நிறையக் கூட்டம். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவன் கையைப் பிடித்து, அவன் நல்லதையெல்லாம் பாட்டாகச் சொல்லி அழுதார்கள். சபைனாகூட நாலு அடி பாடினாள். என் முறை வந்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அவன் பின்னாலேயே வந்தான். மதில்மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா" என்றான். அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "நான் ஒண்ணுக்கும் ஆகாதவனா?"

கடல் தெரிந்தது, குன்றும் தெரிந்தது. என் வாய்க்குள் பதின்மூன்று வருஷத்துச் சொற்கள் முட்டி நின்றன. ஒன்று வெளியே வந்தாலும் அவனுக்கு நாளை இல்லை.

"பெட்டியைக் கட்டின லட்சணத்தைப் பாத்தேன்" என்றேன். "கயிறு இப்பவே அவுந்து கெடக்கு. இதுல அமெரிக்கா வேற."

அவன் தலையாட்டினான். சிரித்தான் என்று நினைக்கிறேன், முகத்தை நான் பார்க்கவில்லை. போய்ப் பெட்டியை மறுபடி கட்டினான்.

காலையில் தார் பூசிய சின்னப் படகு அவனைக் கப்பலுக்கு ஏற்றிப் போனது. எல்லோரும் அழுதுகொண்டு நின்றார்கள். நான் அழவில்லை, அலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவனைச் சுமந்த படகு ஒவ்வொரு அலையாக ஏறி இறங்கியது. ஏழு. எட்டு. எட்டாவதில் படகு தத்தளித்து ஒரு தடவை பின்னால் வந்தது, என் உயிரும் கூடவே தத்தளித்தது. பிறகு மெல்ல ஒன்பதாவதின் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். கையை வீசி வீசிக் கத்தினேன். "என் தம்பி மாதிரி யாரும் இல்ல! உன்னை மாதிரி பந்தடிக்க, நீந்த, சிரிக்க இந்த உலகத்துலயே ஆள் இல்லடா! நீதான்டா எனக்கு எல்லாமே! உன்னை நெனச்சு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமாடா!" தொண்டை கிழியும்வரை கத்தினேன். காற்று என் முகத்துக்கு எதிராக வீசியது. ஒரு சொல்லும் போய்ச் சேர்ந்திருக்காது.

அவன் பார்த்தான். தண்ணீரில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தும் அக்காவைப் பார்த்தான். படகில் எழுந்து நின்றான். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களைத் திறந்து மூடித் திறந்து மூடி, கப்பல் மறைக்கும்வரை ஆட்டிக்கொண்டே போனான்.

வீட்டுக்கு வந்து நனைந்த துணியோடு உட்கார்ந்தபோதுதான் நினைத்தேன், 'கடவுள் காக்க' என்று சேர்த்தேனா இல்லையா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மறுநாளே பள்ளி வாத்தியாரிடம் ஓடினேன். எனக்கு எழுதத் தெரியாது. கரையில் கத்தியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அழகான எழுத்தில், அழகான நடையில், 'பேரன்புமிக்க சகோதரா' என்று ஆரம்பித்து எழுதிக்கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வாத்தியார்தான் படித்துக் காட்டினார். "வாத்தியார் ஐயாவுக்கு, கடிதம் ரொம்ப நன்றாக இருந்தது, நன்றி. ஆனால் இது என் அக்கா சொன்னது இல்லை. அவளுக்கு என்ன ஆயிற்று? உடம்பு சரியில்லையா? என்னிடம் மறைக்காதீர்கள்."

நான் குன்றுக்குள் மண்டியிட்டு, 'என் ராசா' என்று கெஞ்சியபோது அவன் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது.

"இன்னொண்ணு எழுதுங்க வாத்தியாரே" என்றேன். "டேய் உருளைமூக்கா, அந்தக் கடுதாசியில இருந்தது எல்லாம் நான் சொன்னதுதான்டா முட்டாளே. ஒரு எழுத்து விடாம நான் சொன்னதுதான். நம்பினா நம்பு, நம்பலன்னா அந்த பாஸ்டன் கடல்ல போய் விழு. இனிமே தொப்பியைத் தொலைக்காத."

வாத்தியார் மைக்கூட்டில் பேனாவைத் தொட்டபடியே என்னைப் பார்த்தார். "இப்படியேவா எழுதணும்?"

"இப்படியேதான். அடியில மட்டும் கடவுள் காக்கன்னு போடுங்க."

அவர் எழுதினார். எழுதிவிட்டாரா என்று, படிக்கத் தெரியாத கண்ணால், நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.